ஒரே கேட்... ரெண்டு லோகோ! உங்க காரை உண்மையில தயாரிக்கிறது யாரு?

மேக்னைட் வாங்கலாமா, கைகர் வாங்கலாமா? கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு பேங்க் லோன் என்று முதல் கார் தேடும் பலரும் ஏதோ ஒரு வாரக்கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். ரெண்டு ஷோரூம், ரெண்டு டெஸ்ட் டிரைவ், ரெண்டு கொட்டேஷன். நிஸான் ஷோரூமில் 'ஜப்பான் தரம் சார்' என்பார்கள். ரெனோ ஷோரூமில் 'ஐரோப்பிய ஸ்டைல் சார்' என்பார்கள்.

ஆனா ரெண்டு காரும் பிறந்தது டோக்கியோவிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில். அதுவும் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே தொழிற்சாலையில்.

ரெண்டு காரின் வீல்பேஸும் 2,500 மில்லிமீட்டர். நீளத்தில் வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர். மேக்னைட் 3,994, கைகர் 3,991. ரெண்டிலும் அதே 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதே 1 லிட்டர் டர்போ. அடியில் இருப்பது சிஎம்எஃப்-ஏ பிளஸ் என்ற ஒரே பிளாட்ஃபார்ம். மேக்னைட் 2020 டிசம்பரில் வந்தது, கைகர் 2021 பிப்ரவரியில். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2022-ல் ரெண்டுமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 ஸ்டார் வாங்கின. அண்ணன் தம்பி கூட இல்லை, கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்.

அப்போ எதை வாங்கினாலும் ஒண்ணுதானா? இல்லை. ஏன் இல்லை என்று புரிய, பானெட்டில் இருக்கும் லோகோவை விட்டுவிட்டு, அதுக்குப் பின்னாடி இருக்கும் பங்குக் கணக்கைப் பார்க்கணும்.

பிளாட்ஃபார்ம் வேற, பேட்ஜ் வேற

முதலில் ரெண்டு வார்த்தைகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். பிளாட்ஃபார்ம் என்பது காரின் அடித்தளம். தரைப்பகுதி, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், இன்ஜின் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்தது. ஒரு வீட்டின் அஸ்திவாரமும் தூண்களும் மாதிரி. புதுசா ஒரு பிளாட்ஃபார்ம் உருவாக்க ஆயிரக்கணக்கான கோடி செலவாகும். அதனால் ஒரே அஸ்திவாரத்தின் மேல் நாலைந்து விதமான கார்களைக் கட்டுவார்கள். சுவர் வேற, பெயின்ட் வேற, உள்ளே இருக்கும் டேஷ்போர்டு வேற.

பேட்ஜ் மாற்றம் என்பது இன்னும் சிக்கனமான வேலை. கட்டி முடித்த வீட்டின் நேம் போர்டை மட்டும் மாற்றுவது. கிரில், பம்பர், லோகோ மாறும். மத்தது எல்லாம் அப்படியே.

ஒரகடம் இந்த ரெண்டையும் செய்து பார்த்த இடம். ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. முதலில் வந்தது நிஸான் மைக்ரா. பிறகு அதே மைக்ராவை ரெனோ 'பல்ஸ்' என்ற பெயரில் விற்றது. நிஸான் சன்னி, ரெனோ 'ஸ்காலா' ஆனது. ரெண்டும் ஓடவில்லை. முகத்தை லேசாக மாற்றி கூடுதல் விலை சொன்னால் ஜனங்க கண்டுபிடிக்க மாட்டாங்க என்று நினைத்தது தப்புக் கணக்கு. ஷோரூமுக்கு வந்தவர்கள் 'இது மைக்ராதானே?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

2012-ல் ரெனோ டஸ்டர் வந்து பெரிய ஹிட் ஆனதும் விளையாட்டு திசை மாறியது. இந்த முறை நிஸான் அதை வாங்கி 2013-ல் 'டெரானோ' ஆக்கியது. டஸ்டரை விட விலையும் அதிகம். டஸ்டர் தெருவுக்குத் தெரு நின்றது, டெரானோவை எப்போதாவதுதான் பார்க்க முடிந்தது.

இந்தப் பாடத்துக்குப் பிறகுதான் மேக்னைட்-கைகர் காலத்தில் வெளித்தகடு, விளக்குகள், உள் அலங்காரம் எல்லாவற்றையும் தனித்தனியாக வடிவமைத்தார்கள். பக்கத்துல பக்கத்துல நிறுத்தினால் கூட சட்டென்று உறவு தெரியாது.

கல்யாணம் அல்ல, கூட்டணி

ரெனோவும் நிஸானும் ஒரே கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒருபோதும் இருந்ததில்லை.

1999-ல் நிஸான் கடனில் மூழ்கிக் கிடந்தது. பிரான்ஸின் ரெனோ உள்ளே வந்து 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. சரிசெய்ய அனுப்பப்பட்டவர் கார்லோஸ் கோன். ஆலைகளை மூடினார், ஆட்களைக் குறைத்தார், நிஸானை லாபத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் ரெனோவின் பங்கு 43.4 சதவீதமானது. பதிலுக்கு நிஸான் ரெனோவில் 15 சதவீதம் வாங்கியது, ஆனா வாக்குரிமை கிடையாது. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் தனக்கு ஓட்டு இல்லை என்பது நிஸானுக்கு வருஷக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது.

2018 நவம்பரில் கோன் டோக்கியோவில் கைதானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜாமீனில் இருந்தவர், இசைக்கருவிகள் வைக்கும் பெட்டிக்குள் ஒளிந்து தனி விமானத்தில் ஜப்பானை விட்டுத் தப்பி லெபனான் போய்ச் சேர்ந்தார். சினிமாவில் வந்தால் லாஜிக் இல்லை என்று சொல்லியிருப்போம். கூட்டணியை ஒட்டிவைத்திருந்த ஆள் போனதும் விரிசல் வெளியே தெரிய ஆரம்பித்தது. 2023-ல் ரெண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் 15 சதவீத வாக்குரிமை என்று சமப்படுத்திக்கொண்டார்கள். ரெனோவிடம் இருந்த மீதி நிஸான் பங்குகள் பிரான்ஸில் ஒரு அறக்கட்டளைக்குப் போயின.

இது எல்லாம் போர்டு ரூம் கதை. ஒரகடத்துக்கு இது வந்து சேர்ந்தது 2025-ல்.

சாவி கைமாறிய கதை

2025 மார்ச் நிலவரப்படி ஒரகடம் தொழிற்சாலையில் நிஸானுக்கு 51 சதவீதம், ரெனோவுக்கு 49 சதவீதம். ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் கார் தயாரிக்கும் திறன். அந்த 51 சதவீதத்தையும் ரெனோவே வாங்கிக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்து, தொழிற்சாலை முழுக்க ரெனோ வசமானது.

செய்தி வந்ததும் நிஸான் வைத்திருப்பவர்களுக்கு வந்த முதல் சந்தேகம் இயல்பானது: 'நிஸான் இந்தியாவை விட்டுப் போகுதா?' மறைமலை நகரில் ஃபோர்டு 2021-ல் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததைப் பார்த்த ஊர் இது. பயம் வராமல் எப்படி இருக்கும்?

நிஸான் போகவில்லை. மேக்னைட் தொடர்ந்து ஒரகடத்தில்தான் தயாராகிறது. அடுத்து வரும் என்று நிஸான் அறிவித்த 'டெக்டான்' எஸ்யூவியும் அங்கேதான். மாறியது உறவு. முன்பு நிஸான் அந்த ஆலையின் பெரும்பங்குதாரர். இப்போது அது ரெனோவின் ஆலையில் காசு கொடுத்து கார் செய்து வாங்கும் வாடிக்கையாளர். வீட்டு ஓனர் வாடகைக்கு இருக்கிற மாதிரி.

ஏன் விற்றது? ஒரகடத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நிஸானின் நிலைமை அப்படி. 2024-25 நிதியாண்டில் சுமார் 67,000 கோடி யென் நஷ்டம். உலகம் முழுக்க 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும், 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் 2025 மே மாதம் அறிவித்தது. ஹோண்டாவுடன் சேரும் பேச்சு 2024 டிசம்பரில் தொடங்கி ரெண்டே மாதத்தில் முறிந்தது. இப்படி இருக்கும் கம்பெனிக்கு சென்னைக்குப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடக்கும் ஆலையில் பணத்தை முடக்கி வைப்பது கட்டுப்படியாகாது. ரெனோவுக்கோ ஐரோப்பாவுக்கு வெளியே வளர இந்தியா வேணும்.

காரை வாங்கியவர் பார்வையில் இதன் அர்த்தம்: அடுத்த ஐந்து, ஏழு வருஷத்துக்கு உங்க காரின் பானெட் எங்கே அச்சாகிறது, கியர்பாக்ஸ் எங்கே இருந்து வருகிறது என்பதில் பெரிய மாற்றம் இல்லை. ஆனா சர்வீஸ் சென்டர் எத்தனை திறந்திருக்கும், டீலர் கடையை நடத்துவாரா மூடுவாரா என்பது பேட்ஜ் கம்பெனியின் உடல்நலத்தைப் பொறுத்தது. தொழிற்சாலை ஸ்ட்ராங்காக இருப்பதும் பிராண்ட் ஸ்ட்ராங்காக இருப்பதும் ஒன்றல்ல.

டாட்சன் சொல்லும் சேதி

இதுக்கு ஒரகடத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. நிஸான் தன் பழைய 'டாட்சன்' பெயரை மறுபடி உயிர்ப்பித்து, 2014-ல் 'கோ' காரை இந்தியாவில் இறக்கியது. மலிவு விலை, முதல் முறை கார் வாங்குபவர்களுக்கு. அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்ய ஸ்டார். காரைத் திரும்பப் பெறுங்கள் என்று அந்த அமைப்பு கோனுக்கே கடிதம் எழுதியது. பிறகு வந்த 'ரெடி-கோ', ரெனோ க்விட்டின் பிளாட்ஃபார்மிலேயே செய்யப்பட்டது.

2022-ல் டாட்சன் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதே அஸ்திவாரத்தில் பிறந்த க்விட் தொடர்ந்தது. ஒரே பிளாட்ஃபார்ம்தான், ஒரே ஊர்தான். ஒருவர் கையில் இருப்பது விற்பனையில் உள்ள கார், இன்னொருவர் கையில் இருப்பது நிறுத்தப்பட்ட பிராண்ட். பழைய கார் சந்தையில் இந்த ரெண்டுக்கும் ஒரே மரியாதை கிடைக்காது. சர்வீஸ் தொடரும் என்று நிஸான் உறுதி சொன்னது உண்மை. ஆனா ரீசேலுக்குப் போகும்போது எதிரில் இருப்பவர் அந்த உறுதிமொழியைக் கேட்டு விலை சொல்வதில்லை.

ஹூண்டாய்-கியா: உள்ளுக்குள்ளயே போட்டி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கியது. ஆந்திராவின் பெனுகொண்டாவில் கியா 2019-ல் செல்டோஸோடு வந்தது. கிரெட்டாவும் செல்டோஸும் நெருங்கிய உறவு. வென்யூவும் சோனெட்டும் அப்படியே. சண்டை போட்டுக்கொள்ளும் விளம்பரங்களைப் பார்த்தால் பரம எதிரிகள் மாதிரி இருக்கும்.

கொரியாவில் கதை இப்படி. கியா பழைய கம்பெனி. 1944-ல் சைக்கிள் பாகங்கள் செய்யத் தொடங்கியது. ஹூண்டாய் மோட்டார் 1967-ல்தான் பிறந்தது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் கியா திவாலானது. ஏலத்தில் ஃபோர்டும் போட்டி போட்டது, 1998-ல் ஹூண்டாய் ஜெயித்தது. இன்று கியாவில் ஹூண்டாய் மோட்டாரின் பங்கு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியை எப்படிக் கட்டிப்போடுகிறார்கள் என்றால் ஒரு வட்டம். ஹூண்டாய் மோட்டார் கியாவில் பங்கு வைத்திருக்கிறது, கியா ஹூண்டாய் மோபிஸில் வைத்திருக்கிறது, மோபிஸ் திரும்ப ஹூண்டாய் மோட்டாரில் வைத்திருக்கிறது. பாம்பு தன் வாலையே கடித்துக்கொண்டிருக்கும் படம் நினைவுக்கு வந்தால் சரியாகப் புரிந்திருக்கிறது.

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்கு ஐபிஓ வந்தபோது இந்த உறவு சாதாரண முதலீட்டாளர்களின் பிரச்சினையும் ஆனது. அன்றுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய ஐபிஓ அது. பணம் முழுவதும் தாய் நிறுவனத்துக்குப் போனது. விற்ற பங்கு 17.5 சதவீதம். அந்த ஆவணத்தில் ரிஸ்க் பட்டியலில், ஒரே குழுமத்தைச் சேர்ந்த கியா இதே சந்தையில் எங்களுடன் போட்டியிடுகிறது என்பதும் இருந்தது. கியாவுக்கு இன்ஜின் விற்பதும் இதே ஹூண்டாய் இந்தியாதான். பங்கு வாங்கியவர் மனசில் நிற்க வேண்டிய கேள்வி: நாளைக்கு ஒரு நல்ல மாடல் தயாரானால் கொரியத் தலைமையகம் அதை முதலில் யாருக்குக் கொடுக்கும்?

ஒரு இன்ஜினில் தப்பு என்றால்...

குழுமத்தில் எல்லாமே பகிர்ந்துகொள்ளப்படும், தப்பும் சேர்த்து. ஃபோக்ஸ்வாகன் கதை இதுக்கு நல்ல சான்று. செக் நாட்டு ஸ்கோடாவில் ஃபோக்ஸ்வாகன் 1991-ல் நுழைந்து, 2000-ல் முழுசா வாங்கியது. புனே அருகே சாக்கனில் இப்போது ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகூனும் ஒரே ஆலையில், ஒரே பிளாட்ஃபார்மில் தயாராகின்றன. ஸ்லாவியா, விர்டுஸும் அப்படியே. 2022-ல் குஷாக்-டைகூன் ரெண்டும் 5 ஸ்டார் வாங்கியது பகிர்வின் நல்ல பக்கம்.

கெட்ட பக்கம் 2015-ல் தெரிந்தது. புகை சோதனையில் ஏமாற்றும் மென்பொருள் இஏ189 டீசல் இன்ஜினில் இருந்தது அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த இன்ஜின் குழுமத்தின் பல பிராண்டுகளில் இருந்தது. இந்தியாவில் டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ரீகால் 3,23,700 கார்கள்: ஃபோக்ஸ்வாகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. ஆடிக்குப் பல மடங்கு விலை கொடுத்தவரும் அதே வரிசையில்தான் நின்றார்.

அதனால் செய்தியில் ஒரு பிராண்டின் ரீகால் வந்தால், அதன் சகோதர பிராண்ட் கார் வைத்திருப்பவரும் தன் மாடலைத் தேடிப் பார்ப்பது நல்லது.

குடும்பமே இல்லாத இரட்டையர்

பலேனோவும் கிளான்ஸாவும் ஒரே கார்தானே, அப்போ மாருதியும் டொயோட்டாவும் ஒரே கம்பெனியா? இல்லை. 2019-ல் டொயோட்டா சுசூகியில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு வாங்கியது, அவ்வளவுதான். தாய் நிறுவனம் கிடையாது, ஒப்பந்தம் மட்டும். சுசூகி செய்யும் பலேனோவை டொயோட்டா கிளான்ஸாவாக விற்கிறது. டொயோட்டாவின் இன்னோவா ஹைக்ராஸ், மாருதி ஷோரூமில் இன்விக்டோ ஆகிறது.

பேட்ஜுக்கு மதிப்பே இல்லை என்பவர்களுக்கு பதில் இங்கேதான் இருக்கு. கிளான்ஸா 2019-ல் வந்தபோது டொயோட்டா கொடுத்த வாரன்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். அதே காருக்கு மாருதி கொடுத்தது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். 2024 ஜூலையில்தான் மாருதியும் 3 ஆண்டு, 1 லட்சம் என்று உயர்த்தியது. ஐந்து வருஷம், ஒரே இன்ஜினுக்கு ரெண்டு விதமான பொறுப்பேற்பு. இன்னொரு பக்கம், சின்ன ஊர்களில் மாருதி சர்வீஸ் கிடைக்கும் அளவுக்கு டொயோட்டா சர்வீஸ் கிடைக்காது. எது லாபம் என்பது நீங்க இருப்பது கோயம்புத்தூரிலா, கமுதியிலா என்பதைப் பொறுத்தது.

எம்ஜி இன்னும் சுவாரஸ்யம். 1920-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த பெயர், இப்போது சீனாவின் எஸ்ஏஐசி கையில். இந்தியப் பிரிவில் ஜேஎஸ்டபிள்யூவுக்கு 35 சதவீதம். கார் தயாராகும் குஜராத் ஹலோல் ஆலை முன்பு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுடையது. ஹெக்டர், சீனாவில் பாவ்ஜுன் 530 என்று விற்ற கார். நாலு நாடு, ஒரு எண்கோண லோகோ.

நம்ம அம்பாசிடர்? அந்தப் பெயரை 2017-ல் பிரான்ஸின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது இப்போது ஸ்டெல்லாண்டிஸ்.

ஷோரூமில் என்ன கேட்கணும்?

திரும்ப மேக்னைட்-கைகருக்கு வருவோம். ஓட்டிப் பார்த்து பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். ரெண்டு கொட்டேஷனையும் மேஜையில் வைத்து, வாரன்டி எத்தனை வருஷம், நீட்டிக்க எவ்வளவு என்று பாருங்க. வாரன்டி பேட்ஜைப் பொறுத்தது. மேக்னைட்டை ரெனோ ஒர்க்‌ஷாப்பில் விட்டு 'ஒரே கார்தானே' என்று வாதாட முடியாது. உங்க வீட்டிலிருந்தும் சொந்த ஊரிலிருந்தும் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று மேப்பில் போட்டுப் பாருங்க. மெக்கானிக்கல் பாகங்கள் பொதுவானவை என்பதால் அதில் கவலை குறைவு. ஹெட்லைட், பம்பர், கண்ணாடி மாதிரி அந்த பேட்ஜுக்கே உரியவைதான் சின்ன விபத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வைப்பவை. அதன் விலையையும், கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேல்ஸ் ஆளிடம் கேட்காமல் சர்வீஸ் கவுன்ட்டரில் கேளுங்க.

இரட்டைக் கார்களுக்கு இன்னொரு சௌகரியம்: பேரம். 'பக்கத்து ஷோரூமில் இதே கார் இவ்வளவு குறைவு' என்று சொல்ல உங்களிடம் உண்மையான ஆதாரம் இருக்கு.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யை எடுத்து சேஸிஸ் நம்பரைப் பார்க்கலாம். 17 எழுத்தில் முதல் மூன்று, தயாரிப்பாளரின் அடையாளம். எம்ஏஎல் என்றால் ஹூண்டாய் இந்தியா, எம்ஏ3 என்றால் மாருதி. சாக்கனில் பிறந்த ஸ்கோடாவுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் ஒரே எம்இஎக்ஸ். ஒரகடத்தில் மட்டும் வேற மாதிரி: ஒரே ஆலையிலிருந்து வந்தாலும் நிஸானுக்கு எம்டிஹெச், ரெனோவுக்கு எம்இஇ.